பரிமளம் டெய்லர்

எடுத்துட்டேன், ஆனா வாயத் தொறக்கல. போன் அடிச்சுது, கோகிலமணின்னு பேர் வந்துச்சு, தள்ளிவிட்டுக் காதுல வச்சேன், வச்சபடி மூச்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், டவுன் பஸ்ஸுல, டிரைவருக்குப் பின்னாடி ஜன்னலோர சீட்டுல, மத்தியான வெயில் மடியில வந்து விழுந்து கெடக்குது. முதல்ல நாம பேசக்கூடாது. அதுதான் எங்க வேலையில மொதப் பாடம். போன் அவளோடதுதான், ஆனா புடிச்சிருக்கற கை யாரோடதுன்னு உனக்கென்ன தெரியும்னு டிரெயினிங்ல கேட்டாங்க. வாஸ்தவந்தான். புருசங்கிட்ட அடிபடற பொண்ணுங்களுக்குப் பக்கத்துல நிக்கற வேலை என்னோடது, சென்டர்ல கேஸ் வொர்க்கர்னு பேரு, எங்க மாமியார்கிட்ட யாராச்சும் கேட்டா ‘கவர்மெண்டு ஆபீஸ் மாதிரி’ன்னு சொல்லிருது. கோகிலமணி போன்ல என் நம்பர் ‘பரிமளம் டெய்லர்’. அவளோடது சின்ன பட்டன் போன், அதையும் பொழுதுசாய அவன் வாங்கி, யாருக்குப் போட்டே, எவ்வளவு நேரம் பேசுனேன்னு பாப்பான். டெய்லருக்குப் பொம்பளைங்க போன் போடறது ஊர்ல இல்லாததா? அதனால நான் டெய்லர். ஊசியில நூல் கோக்கத் தெரியாது எனக்கு, கண்ணாடி போட்டாலும் தெரியாது. ஆனா ஃபால்ஸ், ஓரம் அடிக்கறது, கப் வைக்கறது, கொக்கி வைக்கறது எல்லாம் பேசுவேன். சரி, இப்ப பேசு கண்ணு. தனியா இருந்தா ‘அக்கா’ன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஒண்ணும் வரல. தனியா இல்லாட்டி போனப் போடு, பேசாத, நான் புரிஞ்சுக்குவேன்னு அவளுக்குச் சொல்லிக்குடுத்ததும் நான்தான். பெருசா சொல்லிட்டேன் புரிஞ்சுக்குவேன்னு. என்ன புரியுது இப்ப? ஒரு மண்ணும் புரியல. மூச்சு மாதிரி ஒண்ணு கேக்குது, துணி ஒரசற மாதிரி ஒண்ணு, அதுக்கு அடியில நிக்காம ஒரு உறுமல்.

உறுமல்னா நாய் உறுமற மாதிரி இல்ல. கிரைண்டர் ஓடற மாதிரி. கிரைண்டராத்தான் இருக்கும், மாவாட்டிக்கிட்டே போட்டிருப்பா, அந்தச் சத்தத்துல பேசுனா வெளிய கேக்காதுன்னு. அப்பப் பேசலாமேடி? இல்ல, கிரைண்டர்ல கல்லு சுத்தறது தனியாத் தெரியும், கடகடன்னு ஒரு தாளம் வரும், இது ஒரே இழுப்பா இழுக்குது. மோட்டார்? தண்ணி மோட்டார் போட்டா அந்த வீட்டுல பைப் அதிரும். அந்த வீட்டுக்குள்ள நான் ஒருநாளும் போனதில்ல, ஆனா காதாலயே எனக்கு அத்துப்படி. பீரோ கதவு கிறீச்சுங்கும். மாமியார்க்காரி செருமுனா அடுத்தது தண்ணி கேக்கும். சுவர்க் கடிகாரத்துல ஒரு குருவி, மணிக்கு மணி கீச்சு கீச்சுன்னு கத்தித் தொலைக்கும். எத்தனை தடவ அந்தக் குருவி கத்தி நாங்க பாதியில நிறுத்திருக்கோம். இன்னைக்கு பீரோ இல்ல, செருமல் இல்ல, குருவி இல்ல. வீட்டுல இருந்த சத்தத்தையெல்லாம் யாரோ வழிச்சு எடுத்துட்டுப் போன மாதிரி இருக்குது. வெறும் உறுமல். சாமி, அவ எங்க இருக்கறா? இன்னைக்கு அங்கன்வாடிக்கு வர்றேன்னு சொன்னா. புள்ளைங்களுக்கு எடை போடற நாளு, பாப்பாவத் தூக்கிட்டு வர அவன் தடை சொல்லமாட்டான், வந்தா மனுவுல கையெழுத்து வாங்கிட்டு அப்படியே கூட்டிட்டுப் போயிறலாம்னு பேசி வச்சிருந்தோம். ஒரு மாத்துத்துணி கூட வேண்டாம், வந்தாப் போதும்னு சொல்லியிருந்தேன். டீச்சர் தராச மடிச்சு வைக்கற வரைக்கும் உக்காந்திருந்தேன். வரல. கடைசி ஸ்டாப்புல ஏறி திரும்பிப் போய்ட்டிருக்கேன், ஏறி நாலு ஸ்டாப் தாண்டல, அதுக்குள்ள போன். அவன் மோப்பம் புடிச்சிருப்பான். போன வாரமே சொல்லியிருக்கான், மைசூர்ப் பக்கம் அவங்க அக்கா புருசன் கல்குவாரி இருக்குது, குடும்பத்தோட அங்க போயிறலாம்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னானாம். அங்க போய்ட்டா சுத்தி பாறையும் புழுதியுந்தானுங்க்கா, வெடி வைக்கற சத்தத்துல நான் கத்துனாக்கூட கேக்காதுங்க்கான்னு சொன்னா. அதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. குவாரிக்குப் போய்ட்டா அவள நான் உசுரோட பாக்கமாட்டேன். இது எனக்குத் தெரியும், வேலையில சேந்து தலை நரைச்சதுக்கு இதாச்சும் தெரியாதா.

அவ புருசன் தனசேகர் குரல் நல்ல குரல். அதச் சொல்லணும். அவன் கெட்ட குரல்ல பேசியிருந்தா எனக்கு இவ்வளவு பயம் இருக்காது. ஒருதடவ டெய்லர் நம்பர்னு எனக்கே போட்டுட்டான். வணக்கமுங்க்கா, நான் கோகிலா வீட்டுக்காரன் பேசறனுங்க, அவ ஜாக்கெட்டுக்கு கை மட்டும் முட்டி தாண்டி வைங்க, கழுத்தும் கொஞ்சம் ஏத்தி வச்சிருங்க, வெயில் அவளுக்கு ஆகறதில்லீங்க. எவ்வளவு அக்கறை பாரு! நானும் சரிங்க தம்பி, வச்சரலாமுங்கன்னு தேனொழுகப் பேசிட்டு வச்சேன். அப்புறம்தான் அந்த அளவு எதுக்குன்னு ஒறைச்சுது. எந்தெந்த எடத்துல அடிச்சிருக்கான்னு அவனே அளவெடுத்துச் சொல்லியிருக்கான் எனக்கு. அன்னைக்கு வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரரு தோள்ல கை வச்சதும் துள்ளி விழுந்துட்டேன், அந்த மனுசன் பாவம், என்ன புள்ள கரண்டு அடிச்ச மாதிரிங்கறாரு. இப்ப இந்த மூச்சு அவனோடதா? பொம்பள மூச்சுக்கும் ஆம்பள மூச்சுக்கும் வித்தியாசம் இருக்குமா? இது ரொம்பச் சின்ன மூச்சு. வாயில துணி வச்சு விடற மூச்சு. ஐயோ, வாயில துணியா. சும்மா இரு பரிமளம், சும்மா இரு. தூங்கற குழந்தை மூச்சாக்கூட இருக்கலாம். பாப்பா நிரஞ்சனா போனை எடுத்து விளையாடியிருக்கும். விளையாடுனா டிங் டிங்னு பட்டனை அமுக்கும், நர்சரிப் பாட்டுப் பாடும், அந்தப் புள்ள ஒரு நிமிசம் வாய மூடாது. அவனாத்தான் இருந்தா என்ன பண்றான்? நான் பேசட்டும்னு காத்திருக்கான். நான் அவன் மூச்சக் கேக்கற மாதிரி அவன் என் மூச்சக் கேட்டுட்டு இருக்கான். அவன் காதுல என்னென்ன விழும்? பஸ் ஹாரன் விழும். கண்டக்டர் விசில் விழும். மத்தியானத்துல மிசின்ல உக்காந்து தைக்க வேண்டிய டெய்லர் பஸ்ஸுல எங்க போறா? இது இவ்வளவு நேரம் எனக்குத் தோணவே இல்ல பாரு. கட்டை விரலைக் கொண்டுபோய் போன் கீழ இருக்கற ஓட்டையை அமுக்கிப் புடிச்சேன். வேர்த்து வழுக்குது.

“ஏனுங் அம்மிணி, அந்தப் பக்கம் ஆளே இல்லீங்களா?” பக்கத்துல முருங்கைக்கீரைக் கட்டை மடியில வச்சுட்டு இருக்கற அம்மா கேக்குது. “ஏறுனதுல இருந்து பாக்கறேன், நீங்களும் பேசல, அங்கயும் பேசல.” எங்க வீட்டுக்காரருங்க, அவரு எப்பவுமே இப்படித்தானுங்கன்னு சொன்னேன். அந்தம்மா கீரை குலுங்கச் சிரிச்சுது. “பேசாத புருசன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்!” நானும் சிரிச்சேன். சிரிச்சதும் எங்க சென்டருக்கு வந்துட்டிருந்த செல்வநாயகி ஞாபகம் வந்துருச்சு. அவளும் இப்படித்தான் கேலி பேசுவா, அடி வாங்கிட்டு வந்து உக்காந்து என்னையச் சிரிக்க வைப்பா. அவ போய்ட்டா. எப்படின்னு நான் சொல்லப்போறதில்ல, கேசு நடக்குது. அவ நம்பரை அழிக்க எனக்கு மனசு வரல. கம்பெனிக்காரன் அதை வேற யாருக்கோ குடுத்துட்டான் போல, ஒருநாள் வாட்சப்புல செல்வநாயகி ஆன்லைன்னு காட்டுது. போட்டோவுல ஒரு கன்னுக்குட்டி. விளக்கு வைக்கற நேரத்துல ஒருக்கா அந்த நம்பர்ல இருந்து போனே வந்துருச்சு. செல்வநாயகி செல்வநாயகின்னு திரையில மினுக்குது, நான் அடுப்பு முன்னாடி நிக்கறேன், பால் பொங்கி ஊத்துது. எடுத்தா, யாரோ ஒரு பெரியவரு, யாருங்க, என்ன வேணுங்கறாரு. நீங்கதானுங்களே போட்டீங்கன்னேன். நானா, நான் போடலீங்களேன்னாரு. பாவம், ஜோபில இருந்து தானா அமுங்கியிருக்கும். அப்படித்தான் நானே எனக்குச் சொல்லி வச்சிருக்கேன். ஆனா அதுக்கப்புறம் எந்தப் போனை எடுத்தாலும், அந்தப் பக்கம் சத்தமில்லாட்டி, செத்தவங்களா இருக்குமோன்னு ஒரு நெனப்பு குறுக்க ஓடுது. இப்பவும் ஓடுது. கோகிலமணி போன் எதுக்கு அடியில கெடக்குது? கட்டிலுக்கு அடியிலயா, தண்ணி டிரம்முக்குப் பின்னாடியா, இல்ல அவளுக்கே அடியிலயா? விரல் தானா அமுங்கியிருந்தா? கடைசியா யாருக்குப் போட்டாளோ அந்த நம்பருக்குத்தான போகும். வேண்டாம். அப்படி நெனைக்காத. நெனைச்சா நடந்துரும்னு எங்கம்மா சொல்லும். நெனைக்காம இருந்து மட்டும் என்ன நடக்காம நின்னுச்சு?

அப்பத்தான் விசில் ரெண்டு தடவ கேட்டுச்சு. ரைஸ்மில் ஸ்டாப்புல கண்டக்டர் ஒரு விசில்தான் ஊதுனாரு, வண்டி நின்னுச்சு. அந்த ஒத்த விசில் இந்தக் காதுல ஒண்ணு, போன் வச்ச காதுல ஒண்ணு. போன்ல கேட்டது கொஞ்சம் பின்னாடி, துணிக்குள்ள ஊதுன மாதிரி. என் காதுதான் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சேன். நாள் பூரா மத்தவங்க அழுகையைக் கேட்டா காது என்னத்துக்கு ஆகும், எங்க வீட்டுக்காரரு காது டாக்டர்கிட்டப் போன்னு சொல்லிட்டேதான் இருக்காரு. வண்டி கெளம்பறதுக்கு ரெண்டு விசில். காதுல நாலு விழுந்துச்சு. “படியில நிக்காதீங்கப்பா, உள்ள வாங்க, உள்ள வாங்க!” அது கண்டக்டர். உள்ள வாங்க, உள்ள வாங்கன்னு போனுக்குள்ள இருந்து அதே குரல், கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி, ஒரு இமைப் பொழுது தாமதமா. என் கையில மசுரெல்லாம் குத்திட்டு நின்னுருச்சு. இந்தப் போன் வேற எங்கிருந்தும் வரல. அந்த உறுமல் கிரைண்டர் இல்ல, மோட்டார் இல்ல. எஞ்சின். என் காலுக்கடியில ஓடற இதே எஞ்சின். இவ்வளவு நேரமும் இந்த பஸ்ஸைத்தான் போன்ல கேட்டுட்டு இருந்திருக்கேன். எனக்குப் போன் போட்ட ஆளு இதே பஸ்ஸுல, எனக்குப் பின்னாடி எங்கயோ உக்காந்துட்டு, பேசாம, என்னையப் பாத்துட்டு இருக்குது. திரும்பறதுக்கு அவ்வளவு பயமா இருந்துச்சு. கழுத்து வரமாட்டேங்குது. முதுகுல வெயில் படல, ஆனா எதோ படற மாதிரி இருக்குது. அவனா இருந்தா? என் மூஞ்சியைப் பாக்கத்தான் ஏறியிருக்கானோ? திரும்புனா சிரிப்பானோ, வணக்கமுங்க்கான்னு?

கீரைக்கட்டு கீழ உருண்டுச்சு. அதை எடுத்துக் குடுக்கற சாக்குல குனிஞ்சு, குனிஞ்சபடியே பின்னாடி பாத்தேன். பொம்பளைங்க சீட்டு வரிசையில, நாலு சீட்டு தள்ளி, ஜன்னலோரம், முந்தானையைத் தலையோட இழுத்து மூடிட்டு, கம்பியில சாஞ்சு தூங்கற மாதிரி ஒருத்தி. மடியில பாப்பா தூங்குது. அவ கண்ணு மட்டும் தொறந்து என்னையே பாக்குது. கோகிலமணி. முந்தானைக்கு உள்ள, காதுகிட்ட, போன். அடக் கடவுளே. ஏறும்போதே, முன்ன அங்கன்வாடியில பாத்த என் கொண்டையை வச்சு அடையாளம் கண்டுபுடிச்சிருக்கா, கூப்புடமாட்டாம போனைப் போட்டிருக்கா, நான் பேசட்டும், திரும்பட்டும்னு காத்துட்டு இருந்திருக்கா. நானோ அவ பேசட்டும்னு. பேசாதன்னு அவளுக்குச் சொல்லிக்குடுத்த நானும் பேசாம, ஒரே பஸ்ஸுல ரெண்டு பேரும், தூ, என்ன பொழப்பு இது. அவளை ஒட்டி மாமியார்க்காரி, காலுக்கடியில மூணு பெரிய பை, சோத்துத் தூக்குப்போசி ஒண்ணு, பழைய பேப்பர்ல சுத்துன குருவிக் கடிகாரம். கடிகாரத்தையும் எடுத்துட்டாங்க. திரும்பி வர்றவங்க கடிகாரத்தைக் கழட்டிட்டுப் போவாங்களா?

நேரா உக்காந்து, வாயை முந்தானையால மறைச்சுட்டு, மொதத்தடவையா பேசுனேன். “கண்ணு, நான்தான். ஆமான்னா பாப்பா தலையைத் தடவு.” டிரைவர் தலைக்கு மேல இருக்கற கண்ணாடி, பொட்டு ஒட்டி, மாலை போட்டு, அதுல ஒரு கையகலத்துக்கு அவ தெரியறா. கை நகந்து பாப்பா தலையைத் தடவுச்சு. “அவனும் இருக்கானா?” தடவுச்சு. “பின்னாடியா?” தடவுச்சு. “குவாரிக்கா?” தடவுச்சு, தடவிக்கிட்டே இருந்துச்சு. “உனக்குப் போக இஷ்டமா கண்ணு?” கை நின்னுருச்சு. பாப்பா நெத்தி மேல அப்படியே நின்னுருச்சு. அந்த நின்ன கையப் பாத்ததும் எனக்கு அழுகை வந்துச்சு, பயத்துல இல்ல, கோவத்துல. போனைக் கட் பண்ணிட்டு போலீசுக்குப் போடலாமா? போட்டு, யாரு என்னன்னு சொல்லி, அவங்க வர்றதுக்குள்ள பஸ் ஸ்டாண்டு வந்துரும், மைசூர் வண்டியில ஏத்திருவான். எந்திரிச்சு இவள விடுடான்னு கத்தலாமா? என் பொண்டாட்டியை என் அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், இந்தம்மா யாருன்னே தெரியலீங்களேம்பான், அந்த நல்ல குரல்ல. மாமியாரும் ஆமாங்கும். பஸ்ஸு பூரா குடும்ப விசயத்துல நமக்கென்னன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கும். குடும்ப விசயத்துக்கு இந்த ஊர்ல ஒரு பஸ்ஸும் நிக்காது. எதுக்கு நிக்கும்? எதுக்கு நிக்கும் பரிமளம், யோசி.

கழுத்துல கெடந்த கவரிங் செயினைப் புடுங்கி ஜாக்கெட்டுக்குள்ள திணிச்சேன். கீரைக்கார அம்மா வாயப் பொளந்துட்டுப் பாக்குது. எந்திரிச்சு நின்னு, எங்கம்மா சந்தையில சண்டைக்கு எடுக்கற குரலை எடுத்தேன், அவன் கேட்ட டெய்லர் குரலுக்கும் அதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. “ஐயோ என் செயினு! என் செயினைக் காணோம்! அஞ்சு பவுனு! ஒருத்தரையும் எறங்க விடாதீங்க, வண்டியை ஸ்டேசனுக்கு விடுங்க!” பஸ்ஸே குலுங்கிப்போச்சு. எல்லாரும் அவங்கவங்க கழுத்தத் தொட்டுப் பாக்கறாங்க. கண்டக்டர் கூட்டத்தைப் பொளந்துட்டு வர்றாரு, நல்லாத் தேடுனீங்களாம்மா, கீழ விழுந்திருக்கப் போவுது. நான் தலையில அடிச்சுட்டு ஒப்பாரி வச்சேன். கீரைக்கார அம்மா என்னைய ஒரு பார்வை பாத்துச்சு, நான் சீட்டுல போட்ட போனை ஒரு பார்வை பாத்துச்சு, நான் போன்ல கேட்டதெல்லாம் அது காதுலயும் விழுந்திருக்கும், அப்புறம் கணீர்னு, “நான் பாத்தனுங்க, ரைஸ்மில் வரைக்கும் கழுத்துல இருந்துச்சு, என் கண்ணு மேல சத்தியம்!” அப்படின்னுது. புண்ணியவதி. கண்டக்டர் விசிலை விடாம ஊதுனாரு, பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்ப வேண்டிய வண்டி நேராப் போச்சு. பின்னாடி இருந்து அந்த நல்ல குரல். “அழாதீங்க்கா, பின்படியை நான் பாத்துக்கறேன். எவன் எறங்கறான்னு பாக்கறேன்.” இஸ்திரி போட்ட சட்டை, நெத்தியில விபூதி, ரெண்டு கையையும் விரிச்சு ரெண்டு கம்பியைப் புடிச்சுட்டு வாசலை அடைச்சு நிக்கறான். நாலு பேரு அவனை மெச்சறாங்க.

ஸ்டேசன் மொனை தெரியும்போதுதான் எனக்கு ஒறைச்சுது. அடி முட்டாளே, உள்ள யாரு போவா? புகார் குடுக்கறவ மட்டுந்தான் போவா. மத்தவங்க பையைத் தொறந்து பாத்துட்டு, சின்னக் குழந்தையோட இருக்காங்க பாவம், போங்கம்மான்னு அனுப்பிருவாங்களே. அடுத்த ஆட்டோவுல அவன் ஏத்திட்டுப் போயிருவானே. கம்பியைப் புடிச்சுட்டுத் திரும்புனேன். கோகிலமணி எந்திரிச்சு நிக்கறா. பாப்பாவைத் தோள்ல போட்டுட்டு, முந்தானை தலையில இருந்து நழுவி விழ, ஒரு கைய இறுக்க மூடிட்டு நிக்கறா. அவ சத்தமாப் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்ல. “என் தாலிக்கொடியையும் காணோமுங்க!” பஸ்ஸு பூரா கேக்கற மாதிரி கத்துனா. “நானும் புகார் குடுக்கோணும்! நானும் உள்ள வர்றேன்!” மாமியார்க்காரி அவ வெறுங்கழுத்தப் பாத்து நெஞ்சுல அடிச்சுக்குது, அடிப்பாவி, வீட்டுல இருந்து கெளம்பும்போது இருந்துச்சேடின்னு. கண்டக்டர் வேர்வையைத் தொடைச்சுக்கிட்டு, ரெண்டு பொம்பளைங்களும் முன்படிக்கு வந்து நில்லுங்கம்மா, நீங்க ரெண்டு பேரும் மொதல்ல எறங்குங்க, மத்த யாரும் எந்திரிக்காதீங்கன்னாரு. அவ வந்து என் பக்கத்துல நின்னா. தோள் என் தோள்ல இடிச்சுது. வண்டி நின்னுச்சு. பின்படியில தனசேகர் கைய விரிச்சபடி, ஒருத்தரையும் எறங்க விடாம நின்னுக்கிட்டு இருந்தான்.